எழுபதாவது கேள்வி கட்டாயம்

2000-களின் பிற்பாதியிலிருந்து 2018 மார்ச் வரை தமிழ்நாட்டில் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படித்தவர்களிடம் வேதியியல் வினாத்தாளைப் பற்றிக் கேட்டால், முதலில் அவர்கள் சொல்வது எழுபதாவது கேள்வியைத்தான். பத்து மார்க். மற்ற பத்து மார்க் கேள்விகளில் தெரிந்த மூன்றை எழுதலாம், தெரியாததைத் தாண்டிப் போகலாம். எழுபதை மட்டும் தாண்ட முடியாது. ‘ஏ’ என்றொரு சேர்மம் வினைபட்டு ‘பி’ ஆகும், ‘பி’ இன்னொன்றோடு சேர்ந்து ‘சி’ ஆகும். மூன்றும் எவை என்று கண்டுபிடித்துச் சமன்பாடுகளையும் எழுத வேண்டும். புரிந்து படித்த மாணவரைத் தனியே அடையாளம் காட்டட்டும் என்று வைத்த கேள்வி அது.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் அதற்கும் வழி கண்டன. எழுபதாவது கேள்வி எந்தெந்தப் பாடங்களிலிருந்து வரும் என்பது ‘ப்ளூபிரின்ட்’ என்று எல்லோரும் அழைத்த வினாத்தாள் வடிவமைப்பிலேயே இருந்தது. அந்தப் பாடங்களில் ‘ஏ’ ஆகக்கூடிய சேர்மங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அத்தனையையும் பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்வறைக்குள் போகும் மாணவருக்கு அங்கே கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

பாடத்திட்டம் ஒன்றைச் சொல்லும், வினாத்தாள் இன்னொன்றைச் சொல்லும். மாணவரும் பெற்றோரும் பள்ளியும் கேட்பது வினாத்தாளின் பேச்சை. சேலம், நாமக்கல் சமவெளியில் வேதியியல் படிக்கப்பட்ட விதத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் இதுதான் தெரிகிறது. தேர்வின் வடிவம் மாறியபோதெல்லாம் இங்கே படிப்பு மாறியது, அதைச் சுற்றியிருந்த தொழிலும் மாறியது.

அந்தக் காலத்து வேதியியல் தாளின் கணக்கு இப்படி: எழுத்துத் தேர்வு 150 மார்க், செய்முறை 50, ஆக 200. எழுத்துத் தேர்வில் ஒரு மார்க் கேள்விகள் முப்பது. மூன்று மார்க் பதினைந்து, ஐந்து மார்க் ஏழு, பத்து மார்க் நான்கு எழுத வேண்டும். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ கட்-ஆஃப் போடும்போது வேதியியலின் 200 சுருங்கி 50 ஆகிவிடும். இயற்பியலுக்கும் 50. மருத்துவம் என்றால் உயிரியலுக்கு 100, பொறியியல் என்றால் கணிதத்துக்கு 100. மொத்தம் 200. அதாவது வேதியியலில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் கால் மார்க் போகும். அந்தக் கால் மார்க் இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பலர் நிற்பார்கள். ஒரு சமன்பாட்டின் அம்புக்குறிக்கு மேல் வெப்பநிலையை எழுத மறந்த பையன் அரசுக் கல்லூரி இடத்தை இழந்து, சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்கு நிலத்தை விற்கும் நிலைக்குக்கூட வரலாம். முழு மார்க்கைக் குறிக்கும் ‘சென்டம்’ என்ற சொல்லுக்கு வீடுகளில் இருந்த பயபக்திக்குக் காரணம் இதுதான்.

இந்த நெருக்கடியைத் தொழிலாக மாற்றிய ஊர்கள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். அதற்கு முன்பு சேலத்தோடு இருந்தது. காவிரிக் கரையை விட்டு விலகினால் மழையை நம்பிய மேட்டுநிலம். விவசாயம் கைவிட்ட இடத்தில் இங்குள்ளவர்கள் லாரிக்கு பாடி கட்டினார்கள், கோழிப்பண்ணை வைத்தார்கள், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகளை இந்தியா முழுக்க ஓட்டினார்கள். பல தொழில்களில் பங்குதாரர் முறைதான்: பத்துப் பேர் சேர்ந்து பணம் போடுவது, ஆளுக்கொரு வேலையைப் பார்ப்பது. ஆசிரியர்களும் உள்ளூர் முதலீட்டாளர்களும் கூட்டுச் சேர்ந்து பள்ளி தொடங்கியபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது. ராசிபுரத்தின் எஸ்.ஆர்.வி., நாமக்கல்லின் கிரீன் பார்க் போன்ற பெயர்கள் திருநெல்வேலியிலும் ராமநாதபுரத்திலும்கூட வீட்டுப் பேச்சில் புழங்கும் அளவுக்கு வளர்ந்தன.

ஆனால் கதை விடுதிப் பள்ளிகளோடு தொடங்கவில்லை.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அது பாடம் நடத்தும் இடமாக இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அது தேர்வு நடத்தியது, பட்டம் கொடுத்தது. கற்பிப்பதைக் கல்லூரிகளிடம் விட்டது. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்தியப் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்க வழி திறந்தது. ஆக, நம் உயர்கல்வி பிறக்கும்போதே தேர்வாகத்தான் பிறந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியவர் மேலே போகலாம், தேறாதவர் மறுபடி எழுதலாம். சேலத்தில் 1857-இல் பள்ளியாகத் தொடங்கி 1879-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த இன்றைய அரசு கலைக் கல்லூரியும் அந்த ஏணியில் ஒரு படி. நாமக்கல், ராசிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் மேல்படிப்பு என்றால் சேலத்துக்கோ திருச்சிக்கோ போய்த் தங்கிப் படிக்க வேண்டியிருந்தது.

தேர்வில் தேறினால் போதும், எங்கே எப்படிப் படித்தாய் என்ற கேள்வி வேண்டாம் என்ற எண்ணம் இன்றும் உலகின் சில இடங்களில் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவில் காலேஜ் போர்டு 1967-இல் தொடங்கிய ‘கிளெப்’ தேர்வுகள் அப்படிப்பட்டவை. அதில் வேதியியலும் உண்டு: தொண்ணூறு நிமிடம், ஏறக்குறைய எழுபத்தைந்து கேள்விகள், 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 வாங்கினால் பல கல்லூரிகள் முதலாண்டு வேதியியலை முடித்ததாகக் கணக்கில் ஏற்றுக்கொள்கின்றன. வேலைக்குப் போகும் ஒருவர் இரவில் நூலகப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து எழுதலாம். 50 வாங்கியவருக்கும் 75 வாங்கியவருக்கும் கிடைக்கும் பலன் பெரும்பாலும் ஒன்றே. பக்கத்து இருக்கைக்காரர் எத்தனை வாங்கினார் என்பது இவருக்குப் பொருட்டே இல்லை.

நம் பக்கத்து வேதியியல் தேர்வும் நூறாண்டுக்கு மேல் அப்படித்தான் இருந்தது. தேறுவதே நோக்கம். அது முந்துவதற்கான தேர்வாக மாறியது பிறகு. அந்த மாற்றத்துக்கு முன்பு, தேர்வே இல்லாமல் வேதியியலைப் பற்றி யோசித்த ஒரு காலமும் இதே சேலத்தில் இருந்தது.

1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய ராஜாஜி, 1916-இல் இன்னும் சிலரோடு சேர்ந்து அங்கே ‘தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவியலைத் தமிழில் சொல்லத் தேவையான சொற்களைத் தொகுப்பது அதன் வேலை. அதற்கென ஓர் இதழும் வந்தது. பின்னாளில் வேதியியலின் அடிப்படைகளைச் சாதாரண வாசகருக்காக எளிய தமிழில் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலாகவும் அவர் எழுதினார். அணு, மூலக்கூறு, சேர்க்கை, பிரிகை என்று எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் விளக்கும் முயற்சி அது. 1925-இல் அவர் காந்தி ஆசிரமம் அமைத்த புதுப்பாளையம் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னாளில் வேதியியல் சென்டத்துக்காகப் பிள்ளைகள் விடிய விடியக் கண் விழித்த பள்ளிகள் எழுந்ததும் அதே வட்டாரத்தில்தான்.

வேதியியலைக் கற்க இந்த மண்ணைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்றும் சொல்லிவிடலாம். சேலம் நகரை ஒட்டியுள்ள சுண்ணாம்புக்கரடு என்னும் வெண்குன்றுகள் சுண்ணாம்பே அல்ல. மெக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டு எடுக்கும் மெக்னீசியாவிலிருந்து எஃகு உலைகளின் உட்பூச்சுக்கான தீச்செங்கல் செய்கிறார்கள். கஞ்சமலையில் இரும்புத் தாது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட். அதை வெட்டி லாரியில் இறக்கி மேட்டூரில் 1965-இல் தொடங்கிய மால்கோ ஆலையில் அலுமினியமாக்கினார்கள். அந்த ஆலை 2008 வரை ஓடியது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு, 1936-இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்தது. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா எடுத்தது. ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் எடுக்கும் சேகோ ஆலைகள் இரண்டாம் உலகப்போர் காலத்தில் தொடங்கி வளர்ந்தன. அயோடின் கலந்த கரைசலைத் தரம்பார்க்கும்போது நிலைகாட்டியாக ஊற்றுகிறார்களே, அதே ஸ்டார்ச்.

பாக்சைட்டைத் தூய்மையாக்கும் பேயர் முறையும், அதிலிருந்து அலுமினியம் எடுக்கும் ஹால் முறையும் பத்தாம் வகுப்புப் பாடத்தில் உண்டு. ராசிபுரத்துப் பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அந்த மலைக்கும் அந்தப் பாடத்துக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொடுக்க ஒரு மார்க்கும் இல்லாததால் பெரும்பாலான வகுப்பறைகளில் அது சொல்லப்படவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

வேதியியல் கல்லூரியை விட்டு இறங்கிப் பள்ளிக்கு வந்த ஆண்டு 1978. அதற்கு முன்பு பதினோரு வருடம் பள்ளியில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் கல்லூரியில் சேர்ந்து பி.யு.சி. ஓராண்டு படித்தார்கள். பி.யு.சி.க்கு முன்பு, 1950-களின் நடுப்பகுதி வரை, இன்டர்மீடியட் இரண்டாண்டு. இந்த நிலைகளில் பியூரெட், பிப்பெட் பிடித்தவர்கள் எல்லோரும் கல்லூரி ஆய்வகத்தில்தான் பிடித்தார்கள். 1978-இல் பத்து, பிளஸ் டூ என்ற முறை வந்ததும் சிறு ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில்கூட ஆய்வகம் கட்ட வேண்டி வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடந்தது. கல்லூரியில் எவ்வளவு சுமாராக நடத்தினாலும் தேர்வைத் தாண்டிய ஒரு காற்று அங்கே வீசும். பள்ளிக்கு வந்த பிறகு வேதியியல் முழுக்க முழுக்கப் பொதுத்தேர்வின் பிடிக்குள் வந்தது. பள்ளியின் பெயரும் அந்தத் தேர்வின் முடிவோடு கட்டப்பட்டது.

ஆறே ஆண்டில் இன்னொரு திருப்பம். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறந்ததும் அதே காலத்தில்தான். பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். இந்த இடத்தில்தான் தேறுவது என்பது பின்னுக்குப் போய், எத்தனையாவது இடம் என்பது முன்னுக்கு வந்தது. பொதுத்தேர்வு முடிந்த கையோடு, நுழைவுத் தேர்வுக்கு முந்தைய ஏப்ரல் வெயிலில் சேலம், ஈரோடு, நாமக்கல் எங்கும் ‘கிராஷ் கோர்ஸ்’ வகுப்புகள் நடந்தன. மார்ச்சில் பத்து மார்க் விடையைப் பக்கம் பக்கமாக எழுதிப் பழகிய கை, ஏப்ரலில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கப் பழகியது. மார்க் போதாதவர்கள் ‘இம்ப்ரூவ்மென்ட்’ என்று மறு வருடமும் பிளஸ் டூ தேர்வை எழுதினார்கள். ஒரு வருடம் வீணாகப் போகிறதே என்று யாரும் பெரிதாக வருந்தவில்லை. ஒரு வருடத்தைக் கொடுத்து ஒரு டாக்டர் இடத்தை வாங்குவது லாபம் என்று கணக்குப் பார்த்தார்கள்.

நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்ற குரல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பயிற்சி வகுப்பு நகரத்தில், கட்டணம் அதிகம், கேள்விகள் பழகாதவை. 2005-இல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் முறையையும் ஒரே ஆணையில் நீக்கியது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறு ஆண்டு கொண்டுவந்த சட்டமும் நிற்கவில்லை. 2006-இல் வந்த கருணாநிதி அரசு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையின் அடிப்படையில் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் பெற்றது. அந்த ஆண்டிலிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மார்க் மட்டுமே.

கிராமத்துப் பிள்ளைக்காகச் செய்த இந்த மாற்றத்தின் பெரும்பலனை அறுவடை செய்தவை நாமக்கல் பள்ளிகள். நல்ல நோக்கம் எதிர்பாராத இடத்தில் விளைந்தது. இனிமேல் ஒரே தேர்வு, ஒரே புத்தகம், முன்கூட்டியே தெரிந்த வடிவமைப்பு. இவ்வளவு தெளிவான இலக்கு கிடைத்தால் அதற்கேற்ற ஆலையை அமைப்பது தொழில் தெரிந்தவர்களுக்குக் கடினமில்லை.

காலை ஐந்து மணிக்கு ஹாஸ்டல் விளக்குகள் எரியும். குளித்து முடித்ததும் ‘ஸ்டடி’. ஒரு பாடவேளைக்கு ஒரு ‘ஸ்லிப் டெஸ்ட்’, வாரக் கடைசியில் தேர்வு, பிறகு ரிவிஷன், அதன் பிறகு மாடல் எக்ஸாம். ஒவ்வொரு தேர்வுத்தாளும் பொதுத்தேர்வு போலவே திருத்தப்பட்டு, எங்கே அரை மார்க் போயிற்று என்று சிவப்பு மையில் வட்டமிட்டுத் திரும்பி வரும். வேதியியலின் முப்பது ஒரு மார்க் கேள்விகளுக்கு ‘புக் பேக்’ எனப்படும் பாட இறுதி வினாக்களும், பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கியும், பழைய பொதுத்தேர்வுத் தாள்களும் தலைகீழ்ப் பாடம். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடை வந்து நிற்க வேண்டும். சில தாய்மார்கள் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, பிள்ளைக்குச் சமைத்துப்போட்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் மாநில முதலிடப் பட்டியலில் நாமக்கல் மாவட்டப் பள்ளியின் பெயர் இருப்பது வழக்கமாயிற்று. மருத்துவ இடம் பிடித்தவர்களின் பட்டியலிலும் அந்த மாவட்டத்தின் பங்கு பெரிது.

இதையெல்லாம் செய்ய ஒரு வருடம் போதாது. அதனால் பல தனியார் விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைக் கைவிட்டன. அப்போது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அந்த மார்க் எங்கும் எடுபடாது. பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் கையில் கொடுக்கப்பட்டது. இரண்டு வருடமும் அதே புத்தகம்.

அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பார்த்தாலே என்ன நடந்தது என்பது விளங்கும். மொத்தம் இருபத்திரண்டு பாடங்கள். அணு அமைப்பு-II, திட நிலைமை-II, வெப்ப இயக்கவியல்-II, வேதிச் சமநிலை-II, வேதிவினை வேகவியல்-II என்று பல தலைப்புகளுக்கு வாலில் ஓர் இரண்டு. ஒன்றாம் பாகம் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது. அதைத் திறக்காமலே இரண்டாம் பாகத்தில் 200-க்கு 200 வாங்க முடிந்தது, வாங்கினார்கள். வெப்ப இயக்கவியலின் முதல் விதியைச் சரியாகப் படிக்காமல் இரண்டாம் விதிக்கான பத்து மார்க் விடையைப் பிழையின்றி எழுத முடிந்தது. இது மாணவரின் குற்றமல்ல. பதினேழு வயதில் அவர்கள் காட்டிய உழைப்பு பெரியவர்களையே திகைக்க வைக்கும். அந்த உழைப்பை எதில் செலுத்த வேண்டும் என்று தீர்மானித்தது வினாத்தாள்.

செய்முறைக்கும் இதே கதி. உப்புப் பகுப்பாய்வு என்பது வேதியியலில் துப்பறியும் வேலை. கொடுத்த உப்பில் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்குகிறதா, பழுப்பு வளையம் தோன்றுகிறதா, சுடரில் என்ன நிறம் என்று படிப்படியாகப் போய் இன்னதுதான் என்று முடிவுக்கு வருவது. வேதியியல் ஒருவருக்குப் பிடித்துப்போவதே பெரும்பாலும் அந்த மேசைக்கு முன்னால்தான். ஆனால் 50-க்கு 50 எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்ற நிலை வந்த பிறகு, அதற்குச் செலவிடும் நேரம் வீண் என்று கருதப்பட்டது. ஜனவரி கடைசியில் சில நாட்கள் ஆய்வகத்தைத் திறந்து, எந்த உப்புக்கு என்ன எழுத வேண்டும் என்ற ‘புரொசீஜர்’ தாளை மனப்பாடம் செய்ய வைத்த பள்ளிகள் இருந்தன.

இந்தப் பள்ளிகளைத் திட்டித் தீர்ப்பது எளிது, நியாயமாகாது. பட்டாசுத் தொழிலாளியின் மகளும் மளிகைக் கடைக்காரரின் மகனும் இவற்றில் படித்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். நல்ல மார்க் வாங்கிய பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் இடம் கொடுத்த பள்ளிகளும் உண்டு. ரிசல்ட்டுக்காகத்தான் என்றாலும் அந்தப் பிள்ளைக்கு அது வாழ்க்கை. ராஜஸ்தானின் கோட்டாவோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஜே.கே. சிந்தெட்டிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால், தசைநலிவு நோயால் முடங்கிய நிலையில், வீட்டில் டியூஷன் எடுக்கத் தொடங்கி வளர்ந்தது கோட்டாவின் பயிற்சித் தொழில். அங்கே கோச்சிங் தனி, பள்ளி தனி. பள்ளிக்கு வருகைப் பதிவு மட்டும். நாமக்கல்லில் பள்ளிக்கூடமே பயிற்சி மையமாயிற்று. படிப்பு, சாப்பாடு, தூக்கம், தேர்வு எல்லாம் ஒரே மதிலுக்குள் நடந்தன. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு அது வசதி. கட்ட முடியாதவர்கள் அரசுப் பள்ளியில் அதே வினாத்தாளை, வேதியியல் ஆசிரியர் பணியிடம் நிரம்பியதா இல்லையா என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்து எழுதினார்கள்.

2017 இந்த ஏற்பாட்டை இரண்டு பக்கமிருந்தும் தாக்கியது.

ஒன்று, நீட் என்னும் தேசிய மருத்துவ நுழைவுத் தேர்வு. 2013-இல் ஒரு முறை நடந்து, உச்ச நீதிமன்றத்தால் ரத்தாகி, 2016-இல் அதே நீதிமன்றத்தால் உயிர்பெற்ற தேர்வு. 2016-இல் கிடைத்த விலக்கு மறு ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கிடைக்கவில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா அந்த ஆண்டு பிளஸ் டூவில் 1200-க்கு 1176 வாங்கியிருந்தார். வேதியியலில் 199. மருத்துவக் கட்-ஆஃப் 196.75, பழைய முறை நீடித்திருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி இடம் நிச்சயம். நீட் மார்க்தான் கணக்கு என்று ஆகஸ்டில் உறுதியானது. செப்டம்பர் 1 அன்று அவர் இறந்துபோனார். தமிழ்நாடு முழுக்க எழுந்த துயரமும் கோபமும் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டிய காரணமும் இல்லை. மாநிலம் சொன்ன இலக்கை நோக்கி ஓடி முடித்த பிள்ளைகளிடம், இலக்கு வேறிடம் என்று கடைசி நேரத்தில் சொல்லப்பட்டது.

இரண்டாவது, மாநில அரசே செய்த மாற்றங்கள். அந்த மே மாதத்தில், முடிவு வெளியாவதற்கு முதல் நாள், இனி மாநில ரேங்க் அறிவிப்பு இல்லை என்று சொல்லப்பட்டது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2018 மார்ச்சில் முதல் தேர்வு. 1200 மார்க் 600 ஆனது. ப்ளூபிரின்ட் போயிற்று. வேதியியலுக்கு எழுத்துத் தேர்வில் 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. புதிய பாடத்திட்டம் எழுதும் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், பத்தாண்டுக்கு முன்பு நுழைவுத் தேர்வை நீக்க அறிக்கை தந்த அதே ஆனந்தகிருஷ்ணன். பிளஸ் ஒன் புத்தகம் நாமக்கல்லில் மறுபடி திறக்கப்பட்டது. ஆனால் 2018 செப்டம்பரிலேயே, உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் ஒன் மார்க் தேவையில்லை என்று அரசு இறங்கி வந்தது. தேர்வு இருக்கும், தேறினால் போதும்.

நீட்டில் வேதியியலுக்கு 45 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மார்க், 720-இல் 180. தவறான விடைக்கு ஒன்று கழியும். 2021 முதல் 2024 வரை கொஞ்சம் சாய்ஸ் இருந்தது. 2025-இல் அதுவும் போயிற்று. எழுபதாவது கேள்வியைப் பத்து முறை எழுதிப் பழகிய முறை இங்கே உதவாது. பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் வேண்டும், கணக்கை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நாமக்கல் பள்ளிகள் இதற்கும் ஈடுகொடுத்தன. ‘நீட் அகாடமி’ பலகைகள் எழுந்தன, வெளிமாநில ஆசிரியர்கள் வந்தார்கள், பிளஸ் டூ முடித்தவர்களுக்கென்றே ‘ரிப்பீட்டர்’ வகுப்புகள் தொடங்கின. பணம் எவ்வளவு புரண்டது என்பதற்கு ஒரு குறிப்பு: 2019 அக்டோபரில் நாமக்கல்லை மையமாகக் கொண்ட ஒரு கல்விக் குழுமத்தில் நடந்த சோதனையில் 30 கோடி ரூபாய் ரொக்கம் சிக்கியதாக வருமானவரித் துறை அறிவித்தது.

நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தந்த அறிக்கை விளைவைப் புள்ளிவிவரமாகக் காட்டியது. மருத்துவ இடம் பெற்றவர்களில் ஒருமுறைக்கு மேல் எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 சதவீதம், 2020-21-இல் 71.42 சதவீதம். தமிழ்வழி மாணவர் பங்கு 14.88 சதவீதத்திலிருந்து 1.99 சதவீதமாகக் குறைந்தது. வேதியியலைத் தமிழில் சொல்ல 1916-இல் சேலத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள் பார்த்தால் மனம் நொந்துபோகும் எண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அந்தக் காயத்துக்குப் போட்ட முதல் உருப்படியான மருந்து. பத்தாண்டுகளாக மருத்துவ மாணவர்களை அனுப்பிக்கொண்டிருந்த நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில்தான்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது. பதினைந்து முதல் பதினேழு வயதுக்குள் மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பெரும்பாரம்; இறக்கியது சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை இன்றும் பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்தே நடக்கிறது: 100, 50, 50. மருத்துவம் நோக்கிப் படிப்பவரை நீட் பிளஸ் ஒன் புத்தகத்தோடு கட்டிப்போட்டிருக்கிறது. பொறியியலுக்குப் படிப்பவரை அப்படிக் கட்டிப்போட இப்போது எதுவும் இல்லை. ஜூன் மாதம் பதினோராம் வகுப்பில் சேரும் அந்த மாணவரின் மேசையில் எந்த வருடத்துப் புத்தகம் இருக்கிறது என்று பள்ளிக் கல்வித் துறை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும்.